மூடியின் உள்பக்கம்

மூன்றாவது ஜோடிச் செருப்பு உள்ளே ஈரமாக இருந்தது.

விடுதி வாசலில், காலங்காலமாகக் கால்பட்டு வழுவழுத்துப்போன பலகைப் படியில், மூன்று ஜோடி வீட்டுச் செருப்புகளை மூக்கு உள்பக்கம் பார்க்க வரிசையாக வைத்திருந்தார்கள். தன் ஜோடியில் காலை நுழைக்கப்போன ஃபுசாயே, அறுவை செய்த முட்டி மடங்காமல் தடுமாறிக் கையை ஊன்றினாள். ஊன்றிய கை மூன்றாவது ஜோடியின் மேல் விழுந்தது. பஞ்சு ஊறிப்போய்ச் சில்லென்று இருந்தது. விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

"ஐயோ, மன்னிக்கணும்மா!" விடுதிக்காரி தமாயோ ஓடிவந்து மண்டியிட்டாள். "இப்பத்தான் துடைச்சு வெச்சேன். கூரை ஒழுகுதோ என்னமோ. இந்தக் கிழட்டு வீட்டுல எது எங்க ஒழுகும்னு வீட்டுக்கே தெரியாது."

ஃபுசாயே அண்ணாந்து பார்த்தாள். புகையேறிக் கறுத்த உத்தரம் காய்ந்து கிடந்தது. வெளியே தெருவில் பளீரென்று இலையுதிர்கால வெயில்.

"பரவால்ல, மெதுவா மாத்துங்க," என்றார் அவள் கணவர் குனிஹிகோ. "அது போடற ஆள் வர நேரமாகும்."

மூன்று பேர் என்று தொலைபேசியில் சொல்லிவைத்தவர் அவர்தான். மூன்றாவது ஆள் அவர்கள் மகள் மினோரி. சில வருஷங்களுக்கு முன்னால் இதே கிரிசாவாவுக்கு, இதே மாதிரி மேப்பிள் மர இலைகள் சிவக்கிற பருவத்தில், தனியாக ஊர் பார்க்க வந்தவள். ஊருக்கு மேலே போகும் பழைய கணவாய்ப் பாதையில் நடக்கப் போனாள். திரும்பவில்லை. குடை கிடைத்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லை. வருகிற மாதம், உடல் இல்லாமலே, அவளுக்குக் காரியம் செய்வதென்று முடிவாகியிருந்தது.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த ஊரைப் பாக்கணும் ஃபுசாயே. தேட இல்ல. அவ பாத்ததையெல்லாம் நாமளும் சும்மா பாத்துட்டு வரணும்," என்று குனிஹிகோ நகோயா வீட்டில் உட்கார்ந்து சொன்னபோது அவளால் மறுக்க முடியவில்லை. மறுக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மாடியறையில் நுழைந்ததும் அது கண்ணில் பட்டது. சுவரோர மேடையில், ஒற்றைப் பூங்கொத்துக்குப் பக்கத்தில், குட்டைக் கால் வைத்த சிவப்புத் தட்டு. அதில் சோறு, ஊறுகாய், மூடி போட்ட கறுப்பு அரக்குக் கிண்ணத்தில் சோயா விழுது கரைத்த மிசோ சூப்பு.

"ஐயா கேட்டபடி நிழல் தட்டை இப்பவே வெச்சுட்டேன்," என்றாள் தமாயோ. "வழியில இருக்கறவங்களுக்குத்தானே முதல்ல வைக்கணும்."

நிழல் தட்டு படையல் இல்லை. படையல் செத்தவர்களுக்கு. பயணம் போனவர் எங்கேயும் பட்டினி கிடக்கக்கூடாது, பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று வீட்டில் எடுத்து வைக்கிற பங்கு இது. சூப்புக் கிண்ணத்து மூடியைத் திறந்து பார்ப்பார்கள். உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் பூத்திருந்தால் போனவர் உயிரோடு இருக்கிறார். காய்ந்திருந்தால் இல்லை.

கொதிக்கிற சூப்பை மூடினால் ஆவி படியாமல் எங்கே போகும், இது என்ன பெரிய சோதனை என்று நீங்கள் கேட்கலாம். ஃபுசாயேயும் அப்படித்தான் நினைத்தாள். மினோரி காணாமல்போன நாளிலிருந்து வைத்துவந்தாள். மூடி தினமும் நனைந்திருந்தது. முதல் பனி விழுந்த அன்று, கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடி, கைகூப்பித் திறந்தால், ஆவி முகத்தில் அடிக்கிறது, மூடியின் உள்பக்கம் எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது. மறுபடி ஊற்றினாள். மறுபடி மூடினாள். காய்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் குனிஹிகோவின் சத்தம். "எப்படி இருக்கு?"

அவள் தன் தேநீரில் விரலை முக்கி மூடியில் தடவினாள். "இருக்குங்க. நனைஞ்சிருக்கு," என்றாள்.

அதன்பிறகு தினமும் தடவினாள். வருஷக்கணக்கில். "எப்படி இருக்கு?" "இருக்கு." அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, எங்கயோ இருக்கா," என்று சொல்லி நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார். போன வசந்தத்தில் முட்டி அறுவைக்காக அவள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, சமைக்கத் தெரியாத மனுஷர் தானே சூப்பு வைத்து, தானே ஊற்றி, தானே திறந்து பார்த்துவிட்டார். அவள் வீடு திரும்பியபோது காய்ந்த மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போய்ட்டா ஃபுசாயே. இந்த வசந்தத்துலதான் போயிருக்கா. இத்தனை வருஷமும் எங்கயோ ஒரு மூலைல உசுரோட இருந்திருக்கா பாரு. நான்தான் ஒழுங்காத் தேடல."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அன்றைக்கிலிருந்து அவர் ராத்திரி ராத்திரி எழுந்து உட்கார்ந்து, தேடாமல் விட்ட இடங்களை முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டு, முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். இந்த ஊரில், இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

தெருவில் ஊர் பார்க்க வந்த கூட்டம். மரச்சட்ட முகப்பு வைத்த வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மலைச்சரிவில் ஏறின. வீட்டுக்கு வீடு கல்தொட்டியில் மலைத்தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தொட்டியின் சத்தம் ஓயுமுன் அடுத்தது கேட்டது. யாரோ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கூடவே நடப்பதுபோல இருந்தது.

குனிஹிகோ கோஹெய் மோச்சிக் கடையில் நின்றார். சோற்றைப் பிசைந்து குச்சியில் அப்பி, அக்ரூட் மிசோ பூசிக் கரியில் வாட்டுகிற வாசனை தெருவையே தூக்கியது.

"மூணு குடுங்க."

கடைக்காரன் ஃபுசாயேயைப் பார்த்துச் சிரித்தான். "மூணா? அம்மாவைப் பாத்தா ஒண்ணைப் பாதி பண்ணித் திங்கற மாதிரி இருக்காங்க. ஐயாவுக்கு ரெண்டா? தொப்பை கேக்குது போல!"

"ஒண்ணு பொண்ணுக்குப்பா."

"அப்படிச் சொல்லுங்க. நீர்ச்சக்கரத்துக்கிட்ட போட்டோ எடுத்துட்டு நிக்குதா? இந்தப் பிள்ளைங்க எல்லாம் அங்கதான் நிக்குதுங்க, சக்கரம் சுத்தறதை இதுக்கு முன்னாடி பாக்காத மாதிரி. சட்டுனு கூப்பிடுங்க ஐயா, ஆறினா பல்லு போயிடும்."

"கூப்பிடத்தான் வந்திருக்கோம்," என்றார் குனிஹிகோ, முகம் மாறாமல்.

ஃபுசாயே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெரு முடிகிற இடத்தில் கணவாய்ப் பாதை தேவதாரு மரங்களுக்குள் நுழைந்தது. முகப்பில் ஒரு கல்லாசனம், ஒரு கம்பம். கம்பத்தில் பித்தளை மணி தொங்கியது. கரடி மணி. மேலே ஏறுகிறவர்கள் அதை அடித்து, ஆள் வருகிறது ஒதுங்கு என்று கரடிக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த மணிச்சத்தம் ஃபுசாயேவுக்குத் தெரியும். மினோரி கடைசியாகத் தொலைபேசியில் பேசியது இங்கேயிருந்துதான்.

"இது என்னடி சத்தம்?"

"கரடி மணிம்மா. நான் வர்றேன்னு கரடிக்குச் சொல்றேன்."

"கரடிக்குச் சொல்றவ, பெத்தவகிட்டயும் எப்ப வருவேன்னு சொல்லிட்டுப் போ."

"லேட்டாகும். எனக்கும் சோறு எடுத்து வை. வந்துருவேன்."

கல்லாசனத்தில் உட்கார்ந்து இருவரும் தின்றார்கள். மூன்றாவது குச்சியைக் குனிஹிகோ பாதையோரக் கல்மேல் வைத்தார். தின்று முடித்ததும் ஃபுசாயே தன் குச்சியை இரண்டாக ஒடித்தாள். மலையில் தின்ற குச்சியை முழுசாகப் போட்டுவிட்டுப் போகக்கூடாது. வாய்பட்ட குச்சி வழியாக மலை ஆளைப் பிடித்துக்கொள்ளும். மினோரிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் ஃபுசாயே. சின்ன வயதில் அவள் அதை விளையாட்டாகவே செய்வாள். டக்கென்று ஒடித்து, இரண்டு துண்டையும் முனை சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைப்பாள்.

"என்னங்க," என்று ஆரம்பித்தாள் ஃபுசாயே. "அந்த மூடி விஷயம்..."

"வேணாம்." அவர் எழுந்துவிட்டார். "இன்னிக்கு அதைப் பேச வேணாம். இன்னிக்குச் சும்மா ஊர் பாப்போம்."

எழுந்த அவசரத்தில் தன் குச்சியை அப்படியே ஆசனத்தில் வைத்துவிட்டார். அவள் கவனித்தாள். ஆனால் சொல்ல நினைத்ததைச் சொல்லவிடாத கோபத்தில், கண்ணீரில், அதுவும் மறந்துபோனது.

பிரபுக்கள் தங்கிப்போன பழைய மாளிகையைப் பார்த்தார்கள். பல்லக்கைப் பார்த்தார்கள். குனிஹிகோ ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "இதை அவ பாத்திருப்பா," என்றார். ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில், பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்கும் பாட்டு கேட்டது. மலைகள் அதை வாங்கித் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தன. வெயில் சட்டென்று மலைக்குப் பின்னால் விழுந்தது. மலையூரில் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது.

திரும்புகிற வழியில் அவர் மறுபடி கணவாய் முகப்புக்குப் போனார். கல்மேல் மோச்சி இல்லை. குச்சி மட்டும் இருந்தது, ஒரு பருக்கைகூட ஒட்டாமல். இரண்டாக ஒடிந்து, முனை சேர்த்து, பக்கத்தில் பக்கத்தில்.

"ஃபுசாயே." அவர் கல்லைக் காட்டினார். "பாத்தியா?"

"குரங்கா இருக்கும். காக்காயா இருக்கும்."

"குரங்கு ஒடிச்சு அடுக்கி வைக்குமா?"

அவள் ஆசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒடித்துப் போட்ட துண்டுகள் அங்கேயே கிடந்தன. அவர் முழுசாக விட்டுப்போன குச்சியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, கல் நனைந்திருந்தது.

"வாங்க, போயிடலாம்," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கை அவள் பிடியில் கொஞ்சம் பின்தங்கியே வந்தது.

விடுதியில் சாப்பாடு மாடியறைக்கே வந்தது. மிசோ, புகை, பழைய பாய் எல்லாம் கலந்த வாசனைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மழையில் ஊறின தேவதாரு இலை, ஆற்றுக்கல் வாசனை. ஜன்னல் சாத்தியிருந்தது.

தமாயோ இருவர் முன்னாலும் கிண்ணங்களை வைத்தாள். "அடுப்புல இருந்து நேரா வருது. சூடு போறதுக்குள்ள குடிச்சிடுங்க. ஐயா, மலைப்பக்கம் ரொம்ப நேரம் நின்னீங்களாமே, கடைக்காரன் சொன்னான். இருட்டினப்புறம் அங்க போகாதீங்க. கரடி நடமாட்டம்." காகிதக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

அவர் தன் கிண்ணத்தைத் தொடவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ திற."

"மத்தியானம் வெச்சது. ஆறிப் போயிருக்கும்."

"திற ஃபுசாயே."

கையைக் கூப்பினாள். கிண்ணம் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. மூடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, பிறகு விட்டது.

உள்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஆவி பூத்த நனைவு இல்லை. பெரிய பெரிய சொட்டுகள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வழிந்து, அவள் மணிக்கட்டில் ஓடி, சட்டைக் கைக்குள் இறங்கின. ஓடைத்தண்ணீர்க் குளிர். இத்தனை வருஷம் தன் விரலால் நனைத்தவளுக்கு, தன் விரல் படாத ஈரம் தெரியாதா?

துடைத்துவிடலாம் என்று கைத்துண்டை எடுத்தாள். அவர் அதற்குள் பார்த்துவிட்டார்.

"இருக்கா," என்றார். மூச்சு மட்டும்தான் வந்தது. "இருக்கா. நான் இவளுக்குக் காரியம் பண்ண நாள் பாத்தேனே!"

எழுந்து கோட்டைத் தேடினார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க. கேளுங்க. அந்த மூடி... வீட்டுல... அது நனைஞ்சதே இல்லைங்க. முதல் பனியிலயே காஞ்சு போச்சு. நான்தான் டீயைத் தொட்டுத் தொட்டுத் தடவினேன். தினமும். நீங்க சாப்பிடணும்னு தடவினேன். வசந்தத்துல இல்லைங்க, அவ அப்பவே போயிட்டா. நீங்க தேடாம விட்டதால இல்ல. உங்க தப்பு எதுவும் இல்ல."

அவர் நின்றார். கோட்டின் ஒரு கை மாட்டி, ஒரு கை மாட்டாமல். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தினமும் தடவினியா?"

"ஆமா."

"இன்னிக்கும் தடவினியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். இத்தனை வருஷம் சொன்ன பொய்களில் இன்னும் ஒன்று. ஆனால் சத்தியம் சொல்லவென்று வந்தவள், வாய் திறந்த பிறகு மூடத் தெரியாமல், சொல்லிவிட்டாள்.

"இல்ல."

"அப்புறம் என்ன," என்றார். சிரித்தார். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. "சோறு ஆறாமப் பாத்துக்கோ. கூட்டிட்டு வந்துர்றேன்."

"என்னங்க!"

படிகள் தடதடத்தன. முட்டியை இழுத்துக்கொண்டு அவள் ஜன்னலுக்குப் போய்த் திறப்பதற்குள், தெருவிளக்குக்கு அடியில் அவர் முதுகு போய்க்கொண்டிருந்தது. தெருவில் யாரும் இல்லை. ஊர் பார்க்க வந்தவர்கள் கடைசிப் பேருந்தில் போய்விட்டார்கள்.

"தமாயோ அம்மா! யாரையாவது அனுப்புங்க! அவரை நிறுத்துங்க!"

கீழே ஓடுகிற சத்தம். தொலைபேசியில் தமாயோவின் பதற்றக் குரல்.

மேலே, மரங்களுக்குள், கரடி மணி அடித்தது.

ஒரு தடவை. அவர் உள்ளே போகிறார்.

ஃபுசாயே மேடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கல்தொட்டிகளில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, ஒவ்வொன்றாக, நின்றது. மேல் வீட்டுத் தொட்டி. அடுத்தது. அடுத்தது. யாரோ தெருவில் இறங்கி வந்தபடி ஒவ்வொன்றிலும் வாய் வைத்துக் குடிப்பதுபோல.

மணி மறுபடி அடித்தது.

வெளியே வருகிறவர்கள் மணியடிப்பதில்லை.

அவள் கண் கணவரின் கிண்ணத்தில் போய் நின்றது. அவர் தொடாமல் விட்டுப்போனது. தொட்டுப் பார்த்தாள். சுட்டது. அடுப்பிலிருந்து நேராக வந்த சூப்பு, சூடு குறையவே இல்லை. நல்லது. வந்ததும் குடிப்பார். நனைந்து வருவார். சூடாகக் குடிப்பார்.

மூடியைத் திறந்தாள்.

ஆவி முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடி மங்கியது. மூடியைத் திருப்பினாள்.

காய்ந்திருந்தது.

எலும்பு மாதிரி.

கீழே வாசற்கதவு சறுக்கித் திறக்கிற சத்தம். "வந்துட்டீங்களா! அம்மா பயந்துட்டாங்க..." என்று ஆரம்பித்த தமாயோவின் குரல் பாதியில் அறுந்தது.

படியில் காலடி. வீட்டுச் செருப்பு. ஒன்று கனம், தேய்த்துத் தேய்த்து. அதற்குப் பின்னால் இன்னொன்று. சொத். சொத். ஊறிய பஞ்சு.

ஃபுசாயே தேநீர்க் கோப்பையை இழுத்தாள். விரலை முக்கினாள். கணவரின் மூடியில் தடவினாள். காய்ந்தது. மறுபடி முக்கினாள். தடவினாள். விரல் எடுக்குமுன் காய்ந்தது. அரக்கு அவள் விரலை நாக்கால் நக்கி வாங்கிக்கொள்வதுபோல. இரண்டு விரல். உள்ளங்கை. கோப்பையைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு நிற்கவில்லை.

"இருக்கு," என்றாள் அழுதுகொண்டே. "இருக்குங்க. நனைஞ்சிருக்கு. நனைஞ்சிருக்கு."

காலடிகள் கதவுக்கு வெளியே நின்றன.

"ஃபுசாயே." அவர் குரல்தான். சந்தோஷமாக இருந்தது. "எப்படி இருக்கு?"

அவள் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா," என்றது மற்றது, அவருக்குப் பின்னாலிருந்து. "லேட்டாயிடுச்சு. எங்களுக்குச் சோறு எடுத்து வெச்சிருக்கியா?"

காகிதக் கதவின் கீழ்விளிம்பில் ஈரம் பட்டது. இரண்டு இடத்தில், பக்கத்தில் பக்கத்தில். வெள்ளைக் காகிதத்தில் அது மெல்ல மெல்ல மேலேறியது, முட்டி உயரம், இடுப்பு உயரம், தோள் உயரம்.